தாடை தேய்வது வயதாலா, பல் போனதாலா?

பொக்கை வாய் என்றதும் ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். உதடு உள்வாங்கியிருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், முகவாய் மூக்கை நோக்கி ஏறி வந்திருக்கும். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நாமும் விட்டுவிடுவோம். உடற்கூறு பாடப்புத்தகங்களும் ரொம்ப காலம் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றில் வழக்கமாக ஒரு படம் இருக்கும். பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை, நடுவயதுக்காரரின் கீழ்த்தாடை, முதியவரின் கீழ்த்தாடை என்று மூன்று எலும்புகள் வரிசையாக வரையப்பட்டிருக்கும். குழந்தையின் தாடையில் காதுக்குக் கீழே உள்ள அந்தக் கோணம் 175 டிகிரி, கிட்டத்தட்ட நேர்கோடு. வளர்ந்தவரிடம் அது 110, 120 டிகிரிக்குச் சுருங்கி ‘ட’ எழுத்தைப் போல மடங்கியிருக்கும். முதியவரிடம் மறுபடி 140 டிகிரிக்கு விரிந்துவிடும். எலும்பின் உயரமும் பாதியாகியிருக்கும்.

அந்தப் படத்தில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றும் வெவ்வேறு மூன்று பேரின் எலும்புகள். மூன்றாவது தாடையில் ஒரு பல்கூட இல்லை. அப்படியானால் அதில் தெரிவது எழுபது வயதின் விளைவா, பல் போனதன் விளைவா? படத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே ஆளின் தாடையை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். உயிரோடிருப்பவரின் எலும்பை அப்படிப் பார்க்க 1895 வரை வழியே கிடையாது.

அந்த வருடம் நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். செய்தி வெளியான இரண்டே வாரத்தில், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் வாய்க்குள்ளேயே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டு 25 நிமிடம் அசையாமல் கிடந்து பல்லைப் படமெடுத்தார். இன்று அதே வேலைக்கு ஒரு நொடியில் சிறு பங்கு போதும். பல்லுக்கான எக்ஸ்-ரே இப்படிச் சட்டென்று வந்துவிட்டது. தாடை எப்படி மாறுகிறது என்று அதை வைத்துச் சொல்ல இன்னும் முப்பத்தைந்து வருடம் பிடித்தது.

காரணம் எளிது. இன்று ஒரு படம், ஐந்து வருடம் கழித்து இன்னொரு படம் என்று எடுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எலும்பு வளர்ந்ததால் வந்ததா, தலை கொஞ்சம் திரும்பியிருந்ததால் வந்ததா என்று தெரியாது. 1931-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாலி பிராட்பென்ட் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் இதற்கு ஒரு வழி செய்தார். காதுத் துளைகளில் இரண்டு முளைகளைப் பொருத்தித் தலையை ஒரே நிலையில் நிறுத்தி, எக்ஸ்-ரே குழாயும் ஃபிலிமும் எப்போதும் ஒரே தூரத்தில் இருக்கும்படி ஒரு கருவி. அதே வருடம் ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்பவரும் தனியாக இதே யோசனையை வெளியிட்டார். பல்லுக்குக் கிளிப் போடும் முன் மருத்துவர் எடுக்கச் சொல்கிறாரே பக்கவாட்டுத் தலை எக்ஸ்-ரே, அது இந்த வழியில் வந்ததுதான். பிராட்பென்ட் அத்தோடு நிற்கவில்லை. கிளீவ்லாந்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரை வருடந்தோறும் வரவழைத்துப் படமெடுத்துச் சேர்த்துக்கொண்டே போனார்.

படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது முகவாய் கீழேயும் முன்னேயும் நகர்வது தெளிவாகத் தெரிந்தது. முகவாயின் முனையில் எலும்பு சேர்ந்து சேர்ந்து அது நீள்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் வளர்ச்சி நடப்பது எதிர்முனையில், காதை ஒட்டிய மூட்டுப் பக்கம். அங்கே எலும்பு மேலும் பின்னும் வளர்கிறது. சுவரை உதைத்தால் ஊஞ்சல் எதிர்ப்பக்கம் போவது போல, மொத்தத் தாடையும் முன்னால் வருகிறது. மூட்டு தள்ளுவதால் தாடை வருகிறதா, சுற்றியுள்ள தசையும் திசுக்களும் இழுத்துக்கொண்டு போன இடத்தை மூட்டு நிரப்புகிறதா என்று ஆய்வாளர்களிடையே நீண்ட சண்டை ஒன்று உண்டு. நமக்கு இங்கே அது வேண்டாம். தாடையின் நிமிர்ந்த பகுதியில் முன் ஓரம் கரைந்துகொண்டே வருகிறது, பின் ஓரத்தில் புது எலும்பு படிகிறது என்பதில் சண்டை இல்லை. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லுக்கும், பன்னிரண்டில் வரும் அடுத்ததற்கும் இடம் கிடைப்பது இப்படித்தான். கடைசியாக வரும் ஞானப்பல்லுக்குப் பல பேரிடம் அந்த இடம் போதாமல் போகிறது.

கோபன்ஹேகனில் ஆர்னே பியோர்க் என்ற பல் சீரமைப்பு ஆய்வாளர் செய்தது இதைவிடத் துணிச்சலானது. 1951 முதல் பிள்ளைகளின் தாடை எலும்புக்குள் டான்டலம் உலோகத்தில் செய்த, மில்லிமீட்டர் கணக்கிலான ஊசிகளைப் பதித்துவிட்டு, வருடாவருடம் எக்ஸ்-ரே எடுத்தார். எலும்பின் ஓரங்கள் கரைவதும் படிவதுமாக மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே புதைந்த ஊசி மட்டும் இடம் மாறாது. அதை வைத்து அளந்தபோது, வெளியே பார்த்தால் தெரியவே தெரியாத ஒன்று தெரிந்தது. நாலு வயதிலிருந்து பெரியவராகும்வரை கீழ்த்தாடையின் உட்பகுதி சராசரியாக 15 டிகிரி அளவு சுழல்கிறது. கீழ் ஓரத்தில் எலும்பு ஓரிடத்தில் கரைந்து இன்னோரிடத்தில் படிந்து அந்தச் சுழற்சியை மறைத்துவிடுவதால், வெளி ஓரத்தை மட்டும் அளந்தவர்களுக்கு மூன்று, நான்கு டிகிரிதான் தெரிந்தது. சுழற்சியின் அளவும் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. சில பிள்ளைகளுக்கு முகம் நீண்டு போவதும், சிலருக்குக் குட்டையாகச் சதுரமாக அமைவதும் பெரும்பாலும் இதன் விளைவு. இப்படி ஒரு ஆய்வுக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. ஆனாலும் பல் சீரமைப்புப் படிப்பில் இன்றுவரை அந்தப் படங்களை விட்டுவிட்டுப் பாடம் நடத்த முடிவதில்லை.

சரி, வளர்ச்சி எந்த வயதில் நிற்கிறது? பதினெட்டு, இருபது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ரால்ஃப் பெரென்ட்ஸ் என்ற ஆய்வாளர் கிளீவ்லாந்தின் பழைய பிள்ளைகளை, அவர்கள் தாத்தா பாட்டிகளாகிவிட்ட பிறகு, தேடிப் பிடித்து மறுபடி படமெடுத்தார். 1985-ல் வெளியான அந்த முடிவு பலருக்கு ஆச்சரியம். முக எலும்பு நிற்கவே இல்லை. வேகம் மிகக் குறைவு, வருடத்துக்கு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். ஆனால் முகத்தின் உயரம் எழுபது வயதிலும் மெல்லக் கூடிக்கொண்டிருந்தது. சுருங்கும் என்று பாடப்புத்தகம் சொன்ன வயதில், பல் இருந்தவர்களின் தாடை வளர்ந்துகொண்டிருந்தது. முப்பது நாற்பது வயதில் கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கோணலாவதை இந்தத் தொடர் மாற்றத்தின் ஒரு பகுதியாகவே இப்போது பார்க்கிறார்கள். ஞானப்பல் தள்ளுவதால்தான் முன்பல் கோணுகிறது என்று இன்னும் பலர் சொல்வார்கள். ஞானப்பல் பிடுங்கியவர்களையும் பிடுங்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் அதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை.

பல் போனவர்களின் கதை வேறு. ஆன்ட்யே டால்கிரென் என்ற ஆய்வாளர், முழுப் பல் செட் கட்டிக்கொண்டவர்களை இதே பக்கவாட்டு எக்ஸ்-ரே மூலம் 25 வருடம்வரை தொடர்ந்து பார்த்து 1972-ல் முடிவை வெளியிட்டார். பல் எடுத்த முதல் வருடத்தில் எலும்பு வேகமாகக் கரைகிறது. பிறகு வேகம் குறைகிறது, ஆனால் 25 வருடம் ஆகியும் நிற்கவில்லை. கீழ்த்தாடையின் முன்பகுதி, மேல்தாடையைப் போல நான்கு மடங்கு இழந்திருந்தது. மேல் செட் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்க, கீழ் செட் மட்டும் ஆடுகிறது, குத்துகிறது என்று பாட்டிமார் டம்ளரில் போட்டு வைத்துவிடுவதற்கு இதுதான் அடிப்படை. கீழ்த்தாடையின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை வழியாக உதட்டுக்குப் போகும் நரம்பு வெளியே வருகிறது. பல் இருக்கும்போது அது எலும்பின் நடு உயரத்தில் இருக்கும். மேலிருந்து எலும்பு கரையக் கரைய, கடைசியில் அந்தத் துளை எலும்பின் மேல் விளிம்புக்கே வந்துவிடும். செட் அந்த நரம்பின் மேல் அழுந்தினால் குத்தத்தான் செய்யும்.

ஒரே ஒரு பல் எடுத்தாலும் கதை இதுதான், சிறிய அளவில். 2003-ல் வெளியான ஒரு டேனிஷ் ஆய்வில், கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில் எலும்பின் அகலம் ஒரு வருடத்தில் பாதியாகிவிட்டது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்தது. ‘மெதுவாக இம்ப்ளான்ட் போட்டுக்கொள்ளலாம்’ என்று ஐந்தாறு வருடம் தள்ளிப் போட்டுவிட்டுப் போனால், எலும்பு போதவில்லை, முதலில் எலும்பு வைத்துக் கட்ட வேண்டும் என்கிறார்களே, அது காசு பிடுங்கும் வேலை என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

தாடையில் பல்லைப் பிடித்து வைத்திருக்கும் பகுதி, பல்லுக்காகவே உண்டாகிறது. இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சான்று உண்டு. பிறவியிலேயே பல் முளைக்காத அரிய மரபுக் கோளாறு ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அடித்தாடை வளர்கிறது, ஆனால் பல் மேடு உருவாவதே இல்லை. ஐந்து வயதில் கிழவரின் வாயோடு இருப்பார்கள். சிந்து மாகாணத்தில் இப்படி ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் பல் குறைந்து பிறந்த ஒரு குடும்பத்தைப் பற்றி டார்வினே எழுதியிருக்கிறார். மறுபக்கச் சான்று 1978-ல் வந்தது. எல்லாப் பல்லையும் எடுத்துவிடாமல் கீழ் கோரைப்பற்கள் இரண்டின் வேரை மட்டும் விட்டுவைத்து, அதன்மேல் செட் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் வேர் இருந்தவர்களுக்கு முன்தாடை 0.6 மில்லிமீட்டர் மட்டும் குறைந்தது; முழுக்கப் பல் எடுத்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள், ஒரே மாதிரி செட். வேர் இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம்.

அந்த 140 டிகிரி கோணம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஆய்வுகள் இதில் ஒத்துப்போகவில்லை. வயதோடு விரிகிறது என்று சில சொல்கின்றன. பல் உள்ள முதியவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்த பல ஆய்வுகளில் அந்த விரிவு மிகவும் சின்னதாகிவிடுகிறது, அல்லது காணவில்லை. மெல்லுவது குறைந்து தசை தளர்வதற்கும் இதில் பங்கு இருக்கலாம். பாடப்புத்தகப் படம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். வயதின் கணக்கில் அது எழுதியதில் பெரும்பகுதி பல் இழப்பின் கணக்கில் போக வேண்டியது, அவ்வளவுதான்.

பல்லே வயதால்தானே விழுகிறது என்று இப்போது கேள்வி வரும். இதற்கான பதில் இலங்கையின் மலையகத்தில் இருக்கிறது. 1970-ல் ஹெரால்டு லோ என்ற நார்வேக்காரரின் குழு, இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களை ஆய்வுக்குச் சேர்த்தது. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மலையகத் தமிழர்கள். பல் மருத்துவர் எட்டாத இடம், பிரஷும் பேஸ்ட்டும் புழக்கத்தில் இல்லாத வாழ்க்கை. ஈறு நோயை யாரும் தடுக்காமல் விட்டால் அது எப்படிப் போகும் என்று பார்க்க ஆய்வாளர்களுக்கு அந்த வறுமை வசதியாக இருந்தது. அதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. 15 வருடம் திரும்பத் திரும்ப வந்து, ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுகோல் விட்டு அளந்தார்கள். எல்லாருக்கும் பல்லில் காரை (இறுகிப் படிந்த அழுக்கு), எல்லாருக்கும் ஈறு வீக்கம். ஆனால் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது. நாற்பதுகளிலேயே பல் கொட்டியது. 81 சதவீதம் பேருக்கு மிதமாகப் போனது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, பல்லைப் பிடித்திருந்த எலும்பும் நாரும் அசையவில்லை. அதே தோட்டம், அதே சாப்பாடு, அதே வயது. வயதுதான் காரணம் என்றால் அந்த 11 சதவீதம் பேர் இருந்திருக்கவே கூடாது. மரபு, கிருமிகளின் வகை, உடலின் எதிர்ப்பு என்று வேறு காரணங்களைத் தேட வைத்தது இந்த முடிவுதான். நாற்பது வருடம் கழித்து, 2010-ல், மிச்சமிருந்தவர்களைக் கண்டுபிடித்து மறுபடியும் சோதித்தார்கள். காரையும் புகைபிடித்தலும் பல் இழப்போடு சேர்ந்தே வந்தன.

வயதுக்கே உரிய மாற்றங்களும் இல்லாமலில்லை. பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் கூழ் அறை வாழ்நாள் முழுக்க உள்ளிருந்து குறுகிக்கொண்டே போகும். முதியவருக்கு வேர் சிகிச்சை செய்யும் மருத்துவர் கால்வாயைத் தேடித் திணறுவது அதனால்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடல் முழுக்க எலும்பு மெலியும்போது தாடையின் கீழ் ஓரத்தில் இருக்கும் கெட்டியான பட்டையும் மெலிகிறது. வாயைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படமாக எடுக்கும் ஓ.பி.ஜி.யில் அது நன்றாகவே தெரியும். முன்பு சொன்ன நரம்புத் துளைக்கு நேர் கீழே அந்தப் பட்டை 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் எலும்பு அடர்த்திச் சோதனைக்கு அனுப்பலாம் என்பது ஆஸ்டியோடென்ட் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் வந்தடைந்த அளவு. பல்லுக்காக எடுத்த படத்தில் இடுப்பெலும்பு முறியும் அபாயம் முன்கூட்டித் தெரியலாம் என்பது நல்ல சேதிதான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. எலும்பு மெலிவுக்கு வாரம் ஒரு தடவை வெறும் வயிற்றில் போடும் மாத்திரை, வருடம் ஒரு தடவை போடும் ஊசி ஆகியவற்றை எடுப்பவர்களில் சிலருக்கு, பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போகிறது. 2003-ல் ராபர்ட் மார்க்ஸ் முதலில் இதை எச்சரித்தார். எலும்பு மெலிவுக்காக எடுப்பவர்களிடம் இது அரிது, புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களிடம் அதிகம். பல் மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை மாத்திரையைச் சொல்லும் பலர் இதைச் சொல்வதில்லை.

அடிக்கடி எக்ஸ்-ரே எடுத்தால் ஆபத்தில்லையா? ஆரம்ப காலத்தில் ஆபத்து நிஜம். நியூ ஆர்லியன்ஸின் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ், கருவியைச் சரிபார்க்கத் தன் கையையே நீட்டி நீட்டிப் புற்றுநோய் வந்து, விரல்களையும் பிறகு கையையும் இழந்து, 1928-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்றைய ஓ.பி.ஜி. ஒன்றின் அளவு சுமாராக 20 மைக்ரோசீவர்ட் (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு இது). மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒருவர் சும்மா இருந்தாலே உலகச் சராசரியாக வருடத்துக்கு 2,400 மைக்ரோசீவர்ட் வாங்குகிறார். அதாவது ஒரு படம் மூன்று நாள் கணக்கு. இயல்பாகவே கதிர் வீசும் மோனசைட் மணல் உள்ள மணவாளக்குறிச்சிப் பக்கம் வசிப்பவர்களுக்கு இன்னும் குறைவான நாள்களிலேயே அது வந்துவிடும். முப்பரிமாணமாகக் காட்டும் சி.பி.சி.டி. அப்படியல்ல. கருவியையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்து அது சில பத்திலிருந்து ஆயிரம் மைக்ரோசீவர்ட் வரைகூடப் போகும். ஒரே ஒரு சொத்தைப் பல்லுக்கு அதை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்கலாம். கதிர்க் கற்றை இப்போது மிகவும் குறுகிவிட்டதால், நோயாளிக்கு ஈயக் கவசம் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல் அறிவித்துவிட்டது. ஓ.பி.ஜி.யில் கழுத்துக் கவசம் படத்தையே மறைத்து, மறுபடி எடுக்க வைப்பதும் ஒரு காரணம்.

அளவு குறைந்தாலும், நோயில்லாத பிள்ளையை ஆய்வுக்காக மட்டும் வருடாவருடம் படமெடுக்க இன்று அனுமதி கிடைக்காது. அதனால் முகம் எப்படி வளர்கிறது என்ற கேள்விக்கு உலகம் இன்னும் அந்தப் பழைய ஃபிலிம்களையே நம்பியிருக்கிறது. அமெரிக்காவில் அவற்றை ஒன்று சேர்த்துக் கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். முகவாய் பின்தங்கியிருக்கிறது, உதடு துருத்தியிருக்கிறது என்று அளப்பதற்கான பல அளவுகோல்கள் அவர்களை வைத்து உருவானவை. நம்மூர் உதட்டுக்கு அதை அப்படியே பொருத்தினால் ஊரில் பாதிப் பேர் ‘துருத்தல்’ கணக்கில் வந்துவிடுவார்கள்.

வேறோர் இடத்துப் பிள்ளைகளின் அளவு நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பிசகும் என்பதைப் பல் வளர்ச்சியில் எண்ணாகவே பார்க்கலாம். பல்லை வைத்து வயது சொல்வது எக்ஸ்-ரேக்கும் மூத்த வழக்கம். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1833-ல் பிரிட்டனில் சட்டம் வந்தபோது, பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளின் வயதை எந்தப் பல் முளைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம் என 1837-ல் எட்வின் சாண்டர்ஸ் நாடாளுமன்றத்துக்கு எடுத்துக்காட்டினார். எக்ஸ்-ரே வந்த பிறகு ஈறுக்குள் பல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றே பார்க்க முடிந்தது. 1973-ல் மாண்ட்ரியாலில் அர்ட்டோ டெமிர்ஜியன் குழு, பிரெஞ்சு கனடியப் பிள்ளைகள் 2,928 பேரின் ஓ.பி.ஜி.யிலிருந்து கீழ்த்தாடையின் இடப்பக்க ஏழு பற்களை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து ஒரு முறை வகுத்தது. உலகம் முழுக்க அது பரவியது. தென்னிந்தியப் பிள்ளைகளிடம் அதைப் போட்டுப் பார்த்த 1998-ன் ஆய்வு ஒன்றில், நிஜ வயதைவிடச் சுமார் மூன்று வருடம் கூடுதலாகவே வந்தது. பிறகு இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சூத்திரங்கள் போட வேண்டியிருந்தது.

மூன்று வருடம் என்பது நீதிமன்றத்தில் சின்ன விஷயமல்ல. பதினாறு, பதினெட்டு வயதை ஒட்டி இளைஞரின் பல்லில் பார்க்க மிச்சமிருப்பது ஞானப்பல் மட்டும்தான். ஆளுக்கு ஆள் மிக அதிகம் மாறுபடுவதும் அதுதான், சிலருக்கு அது முளைப்பதே இல்லை. எக்ஸ்-ரேயில் சொல்லும் வயதில் இரண்டு பக்கமும் இரண்டு வருடம் பிசகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, ஜெயமாலா வழக்கில், ஒப்புக்கொண்டிருக்கிறது. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு பள்ளிச் சான்றை முதலில் கேட்கிறது, அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றை. இரண்டும் கிடைக்காத பிள்ளையைத்தான் எலும்புச் சோதனைக்கோ வயதைச் சொல்லும் வேறு மருத்துவச் சோதனைக்கோ அனுப்பச் சொல்கிறது.